கிருபை கொண்டுவந்த மடக்குக் கத்தி

என் மகனுக்கு,

எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் குறை பாடத் தொடங்குவது உன் அப்பாவின் வழக்கம். எனக்கு அது வராது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. எப்போதும் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், 'இதுக்கு மேல கவர் தாங்காது' என்று பாதியில் ஒட்டியும் விடுவார். இந்தத் தடவை அவரிடம் கொடுக்கவில்லை, நானே எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. நடுவில் உனக்குக் கோபம் வரும் என்று நினைக்கிறேன். வந்தாலும் மடக்கி வைத்துவிடாமல் கடைசி வரை படித்துவிடு.

கிருபை வந்துவிட்டுப் போனாள். அது உனக்குத் தெரியும், நீதானே அனுப்பி வைத்தாய். 'எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, அவள் ஆஸ்பத்திரியில் லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறாள், ஒரு தடவை நேரில் பாருங்கள், பார்த்த பிறகு எதுவும் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாய். ஆவணியில் மெட்ராஸிலேயே ரிஜிஸ்தர் கலியாணம், நாங்கள் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நடக்கும் என்றும் எழுதியிருந்தாய். அந்த 'வராவிட்டாலும்' என்பதை நான் எத்தனை தரம் படித்தேன் என்று உனக்குத் தெரியாது. அவள் வந்து போன பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. வாரம் தவறாமல் எழுதுகிறவன் நீ. தபால்காரர் இப்போதெல்லாம் நம் வாசலைத் தாண்டும்போது மட்டும் நடையை எட்டிப் போடுகிறார், என் கேள்விக்கு அவ்வளவு பயம். அவள் உன்னிடம் என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், இந்தக் கடிதம் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதுதான். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். என்றைக்கோ வேறு வாயால் நீ கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது.

அவள் யார் என்பதை நீ என்னிடம் ஒளிக்கவில்லை. வீரகேரளம்புதூர் பக்கத்துக் கிராமம், வேதக்காரர்கள், தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்த வாத்தியாரின் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நம் வயலில் இறங்கி வேலை செய்கிற ஜனங்களும் அதே சாதிதான். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நான் அழுதேன். தெரு என்ன சொல்லும், சிவகிரியில் உன் பெரிய அத்தை என்ன சொல்வாள், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு நம் வாசலை யார் மிதிப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். அழுது முடித்த பிறகு, ஒற்றைப் பிள்ளையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது என்று தெரிந்துபோயிற்று. 'வரட்டும், பாக்கலாம்' என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அது போதும், அவர் வேண்டாம் என்றால் செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவார்.

அவள் வருகிற அன்று சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் அருவி ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது என்று குளித்துவிட்டு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் காலையிலேயே அடுக்களைக்குள் போய்த் தம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளித் தம்ளரில் காப்பி கொடுத்தால் பகட்டு, எவர்சில்வர் வீட்டில் கிடையாது, பித்தளைத் தம்ளரில் ஒன்று நசுங்கியிருக்கிறது. கடைசியில் நான் தினமும் குடிக்கிற பித்தளைத் தம்ளரையே புளி போட்டுத் துலக்கி வைத்தேன். நான் குடிக்கிற தம்ளரில் அவளுக்குக் கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருமையைப் பின்னால் நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக அவள் வாசலில் நின்றபோது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் வேண்டுமென்றே சத்தமாக, "வாம்மா, உள்ள வா. இப்படி நனைஞ்சிட்டியே" என்றேன்.

"சாரல்தான அத்தை. எங்க ஊருப் பக்கம் இத மழன்னே சொல்ல மாட்டாவ" என்று சிரித்தாள்.

எடுத்த எடுப்பில் அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள் பார்த்தாயா. எனக்கு அது பிடித்திருந்தது. மருமகளாக வரப்போகிறவள் மென்று விழுங்கிக்கொண்டு நின்றால் எனக்குச் சரிப்படாது. குடையை அவளே மூலையில் சாத்தினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தாள். நான் நடக்கிற நடையைப் பார்த்ததும், "முட்டு எம்புட்டு நாளா வலிக்குது அத்தை?" என்று கேட்டு, பக்கத்தில் வந்து குனிந்து, என் முழங்காலை இங்கனயும் அங்கனயும் அமுக்கிப் பார்த்தாள். காப்பியை ஸ்டூலின்மேல் வைத்தேன், எடுத்துக் குடித்தாள். யுத்த காலத்தில் அஸ்ஸாமில் முகாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததைப் பற்றிச் சொன்னாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவியளா? காப்பி ஆறிப்போச்சுன்னா பச்சப் புள்ள கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாவ" என்றாள். அது உன் அப்பாவின் குணம் என்று நான் சொன்னேன், இருவரும் சிரித்தோம். குடித்து முடித்ததும் தம்ளரை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய் அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற நேரத்தில்தான் பையிலிருந்து அதை எடுத்தாள். நீலத் தாள் ஒட்டிய சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே வெல்வெட் துணி, அதன்மேல் ஒரு பேனாக்கத்தி. "நீங்க அருவாமணையில உக்கார முடியாம கஷ்டப்படுதீயன்னு அவிய சொன்னாவ. இது இருந்தா நாற்காலியில உக்காந்தே பழம், காய் எல்லாம் நறுக்கிக்கிடலாம். மவுண்ட் ரோட்ல ஒரு கடையில பாத்தேன். சீமைக் கத்தி" என்று சொல்லிக்கொண்டே, நகத்தைக் கொடுத்துக் கத்தியைத் திறந்தாள். திறந்து, முனையைத் தன் பக்கம் திருப்பி, பிடியை என் பக்கமாக நீட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கொடுத்துப் பழகின கை. என் கையும் ஆசையாக நீண்டது. நீண்ட கை பாதியில் நின்று, சுட்டதுபோலப் பின்னால் வந்துவிட்டது. "கீழ வையி" என்று தரையைக் காட்டினேன்.

அவள் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கத்தியை மடக்கித் தரையில் வைத்தாள். "நேரமாச்சி அத்தை, பஸ்ஸு போயிரும்" என்று குடையை எடுத்துக்கொண்டாள். மழை விட்ட பிறகு போகலாமே என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை வாங்கக் கூடாது. உப்பு, ஊசி, கத்தி இதையெல்லாம் கீழே வைக்கத்தான் சொல்ல வேண்டும், வைத்த பிறகுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கைமாறினால் இரண்டு பேருக்கும் சண்டை வரும், உறவு அறுந்துபோகும். நீ சிரிப்பாய். உன் பெரிய அத்தைக்கும் எனக்கும் ஏன் அத்தனை வருஷம் பேச்சு இல்லாமல் போயிற்று என்று உனக்குத் தெரியுமா? ஒரு கலியாண வீட்டுச் சமையலுக்குக் காய் நறுக்கும்போது அரிவாளை அவள் கையில் கொடுத்தேன். அன்று மத்தியானமே, எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு யார் உப்பு அள்ளிப் போட்டது என்று தொடங்கின சண்டை, அவள் மகள் சடங்கு வரைக்கும் ஓடியது. ஊறுகாயால் வந்த சண்டை என்று உன் அப்பா சொல்வார். அரிவாளால் வந்தது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் ராஜாவே வந்து நீட்டினாலும் நான் கத்தியைக் கையில் வாங்க மாட்டேன். கிருபையோடு எனக்குச் சண்டை வந்துவிடக் கூடாது என்று பயந்துதான் கையை இழுத்தேன். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் நான் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் நடுவிரல் நீளம்தான் இருக்கிறது, ஆனால் கையில் கனமாகத் தங்குகிறது. பிடி இரண்டு பக்கமும் முத்துச்சிப்பி. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் நீலம், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ரோஸ். இரண்டு முனையிலும் வெள்ளைப் பூண், எங்கேயும் நகம் தடுக்கவில்லை, அவ்வளவு வழவழப்பு. திறப்பதுதான் முதலில் பிடிபடவில்லை. கத்தியின் முதுகோரம் நகத்துக்கென்று ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கிற கையில் நகம் எங்கே இருக்கிறது, இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் இழுத்ததும் பாதிவரை முரண்டு பிடித்துக்கொண்டு வந்து, பிறகு தானாகவே போய் நேராக உட்கார்ந்துகொண்டது. மடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பத் திறந்து மூடினேன். மினுக்குகிற சாமான் வேலைக்கு ஆகாது என்று நினைக்கிறவள் நான், உனக்குத் தெரியும். பூசணிக்காயை இதனிடம் காட்டினால் அழுதுவிடும் என்றும் நினைத்தேன். ஆனால் குற்றாலத்திலிருந்து அப்பா வாங்கி வந்த மங்குஸ்தான் பழம் இருந்தது. அதை எடுத்துச் சுற்றிலும் ஒரு கோடு போட்டேன். தோலை மட்டும் சரியாக அறுத்தது, உள்ளே சுளையில் ஒரு கீறல் இல்லை. திருகினால் மூடி போலத் தனியாக வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே! முழங்காலை மடக்காமல், அம்மா அப்பா என்று முனகாமல்! என் முட்டியை நினைத்து ஒரு பெண் மெட்ராஸில் கடைக்குள் ஏறியிருக்கிறாளே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பெற்ற பிள்ளைக்கு அது தோன்றவில்லை பார்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் உள்ளே கட்டிலில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பாத்தீயளா, எப்படிக் கத்தின்னு! நல்ல வேளை, ஆசையில கையில வாங்கப் போனேன், சுதாரிச்சுக்கிட்டேன்" என்று ஒரு சுளையை நீட்டினேன்.

அவர் சுளையை வாங்கிக்கொள்ளவில்லை. "நீ கத்தியக் கையில வாங்கலையா, அவ கையில இருந்து வாங்கலையா?" என்று கேட்டார்.

"என்ன பேச்சு பேசுதீய? ஊசி, கத்தியெல்லாம் கையில வாங்கலாமா?"

"எனக்குத் தெரியுது. அந்தப் புள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு கேக்குதேன்."

பழத்தைக் கீழே வைத்துவிட்டேன். கத்தியைத் துடைக்காமல் அப்படியே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மங்குஸ்தான் தோல் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. பதறிப்போய்ச் செங்கல் பொடியும் புளியும் வைத்துத் தேய்த்தேன். கறுப்பு கொஞ்சம் போயிற்று, பளபளப்பு முழுக்கப் போயிற்று. இப்போது கோடு கோடாக இருக்கிறது. நல்ல எஃகு கறுக்கத்தான் செய்யும், தேங்காய் எண்ணெய் தடவி வை, செங்கல்லைக் கொண்டு போகாதே என்று அப்பா சொல்கிறார். வந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் நான் அதையும் கெடுத்துவிட்டேன்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே வேலை. அவள் வந்த நேரத்திலிருந்து போன நேரம் வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், அவள் கையிலிருந்து ஏதாவது ஒன்றை நான் வாங்கினேனா என்று. குடையை வாங்கி வைத்தேனா? இல்லை, அவளே சாத்தினாள். கருப்பட்டிப் பெட்டி? மேசைமேல் வைத்தாள். காப்பியை நான் அவள் கையில் கொடுத்தேனா? ஸ்டூலின்மேல் வைத்தேன். கழுவுகிறேன் என்று தம்ளரை எடுத்தபோது 'விடும்மா, நீ ஏன் கழுவணும்' என்றாவது சொன்னேனா? எதிர்வீட்டுக்காரி வந்து காப்பி குடித்தால் அவளைத் தம்ளர் கழுவ விடுவேனா? நம் மாதிரி வீட்டில் குடித்த தம்ளரை எந்தச் சாதி தானே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் கழுவினாள். நான் அதை நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முழங்காலைத் தொட்டாளே, நான் விலகவில்லையே என்று ஒரு நாள் முழுக்க ஆறுதலாக இருந்தேன். பிறகு அதுவும் போய்விட்டது. வைத்தியம் பார்க்கிறவர் தொட்டால் யார்தான் விலகுகிறார்கள்?

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நீ சின்னவனாக இருந்தபோது நடவுக்கு வந்த பெண்களுக்கு நான் குடத்திலிருந்து செம்பில் மொண்டு தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் குனிந்து கையைக் குவித்துக்கொள்வார்கள், நான் மேலிருந்து ஊற்றுவேன். "செம்பக் கையில குடுத்தா என்னம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். "பேசாம இருலே" என்றேன். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு வேறு என்ன செய்ய முடியும்? கத்தி விஷயத்தில் எனக்கு என் அம்மா சொல்லித் தந்தது ஞாபகம் வருகிறது. கையை இழுத்ததும் கிருபைக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்தால் என்னால் சோறு இறக்க முடியவில்லை.

உன்னிடமிருந்தும் கடிதம் வராமல் போகவே, அவள் ஊருக்கே போய்விடுவது என்று கிளம்பினேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவர் முன்னால் எனக்குப் பேச வராது. பஸ் சுந்தரபாண்டியபுரம் தாண்டிப் போகும்வரை என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கினதும் பாதி மறந்துவிட்டது. வாத்தியார் வீடு எது என்று கேட்டதற்கு, ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழி காட்டினாள். நம் தெருப் பொம்பிளை அந்தத் தெருவுக்குள் எதற்கு வருகிறாள் என்று அவளுக்கு ஆச்சரியம்.

வாத்தியார் என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க. சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்" என்று பதறிப் பெஞ்சைத் துடைத்தார். என்னைவிடப் பெரியவர், தலை முழுக்க நரை. நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார்.

"கிருபை இருக்காளா?"

"மெட்ராஸுக்குப் போயிட்டாளேம்மா. லீவு இன்னும் கெடக்கு. ஆஸ்பத்திரியில ஆளு பத்தலன்னு திடீர்னு கெளம்பிட்டா."

"தந்தி எதுவும் வந்துதா?"

"தந்தி ஒண்ணும் வரலம்மா. அவளாத்தான் சொன்னா."

"எங்க வீட்டுக்கு வந்ததப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாளே. நல்லா பேசுனாவ, காப்பி குடுத்தாவ, அத்தைக்கு முட்டுதான் பாவம்னு சொன்னா."

அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். பெற்ற தகப்பனிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. "நீங்க மொதல்ல உக்காருங்க வாத்தியாரே" என்றேன். இருக்கட்டும் இருக்கட்டும் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கி, "இளநி வெட்டச் சொல்லட்டுமாம்மா? இல்லன்னா கடையில சோடா இருக்கு, வாங்கியாரச் சொல்லுதேன்" என்றார். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்க மாட்டேன் என்று அவரே முடிவு செய்து, எனக்குச் சங்கடம் வராமல் வழி பார்க்கிறார். வெட்டாத இளநீரிலும் மூடின சோடாவிலும் தீட்டு இல்லை அல்லவா.

"தண்ணி போதும்" என்றேன்.

உள்ளே போனார். ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அடியைத் துண்டால் துடைத்து, பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு, பழையபடி நிலைக்குப் போய் நின்றுகொண்டார். கையில் தரவில்லை. தந்தால் நான் என்ன செய்வேன் என்று பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை. நானும் கையில் தாருங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. நகர்ந்து போய்ச் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தேன். முதல் மடக்கு தொண்டையில் நின்றது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் இறங்கியது. பிறகு முழுச் செம்பையும் குடித்தேன். தாகத்தால் குடிக்கவில்லை, வைராக்கியத்தால் குடித்தேன்.

கடைசியில் சொல்லிவிட்டேன். "அன்னைக்கி உங்க மக கத்திய நீட்டுனப்ப நான் கைய இழுத்துட்டேன். கத்தியக் கையில வாங்கக் கூடாதுல்லா, அதான்."

"அதுக்கென்னம்மா" என்று அவர் சிரித்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான சொல்லுவாவ. இத ஒரு காரியம்னு சொல்ல வந்தீயளாக்கும்."

எவ்வளவு மரியாதையாகச் சிரித்தார் தெரியுமா? நடவுப் பெண்கள் சிரித்தார்களே, அதே சிரிப்பு. மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பி வந்திருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அந்தத் தண்ணீர் தொண்டையில் நின்றதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பா கேட்டாரே, கத்தியை வாங்கவில்லையா, அவள் கையிலிருந்து வாங்கவில்லையா என்று. கத்தியைத்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை. முக்கால்வாசி கத்திதான். மீதிக் கால்வாசியைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. வெண்டைக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் அந்தக் கத்தியால்தான் தினமும் நறுக்குகிறேன், நறுக்குகிற நேரமெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன்.

அதனால் ஐயா, நான் சொல்வதைக் கேள். அவளிடம் போய் 'எங்கம்மா அப்படிப்பட்டவ இல்ல, அது கத்திச் சாஸ்திரம்' என்று எனக்கு வக்காலத்து வாங்காதே. சாஸ்திரம் உண்டு என்பது நிஜம், அதை நீ சொல்லலாம். ஆனால் தம்ளரையும் சேர்த்துச் சொல். நான் தடுக்கவில்லை என்பதையும் சொல். தொண்டையில் தண்ணீர் நின்றதையும் சொல்லிவிடு, எனக்கு அவமானம்தான், இருந்தாலும் சொல்லிவிடு. அவள் பரவாயில்லை என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடாதே. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உன் பெரிய அத்தை பேசின பேச்சையெல்லாம் பரவாயில்லை என்றுதான் உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் நம்பினார். வாயைத் திறக்காதவளுக்கு வலிக்காது என்று ஆண்பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. நீ அப்படி இராதே. அவள் என்னைப் பற்றிக் கோபமாக ஏதாவது பேசினால், தாயைப் பேசுகிறாளே என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேள். எனக்காக நீ பேச வேண்டாம், எனக்கு வாய் இருக்கிறது.

கலியாணத்துக்கு எங்களை வரச் சொல்லி நீ எழுத வேண்டாம். நீ கூப்பிட்டால் பிள்ளை தாயைக் கூப்பிடுகிறான், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவள் எழுதட்டும். ஒரு கார்டு போதும், ஒரு வரி போதும். வாருங்கள் என்று எழுதினால் அன்றைக்கே நானும் அப்பாவும் ரயிலேறிவிடுவோம். பெரிய அத்தையிடமும் தெருவிடமும் சொல்லிவிட்டே வருவேன், ஒளிந்து வர மாட்டேன். வர வேண்டாம் என்று எழுதினால் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன், அது பொய். வருத்தப்படுவேன், அழுவேன், அது என் பாடு. அப்படி எழுதினாளே என்று அவளை நீ ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

திட்டி எழுதினாலும் சரி என்று சொல். என்ன எழுதினாலும் படித்துக்கொள்வேன். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று, அவள் அப்பாவைப் போல அவளும் சிரித்துவிட்டு விலகி நின்றுவிட வேண்டாம். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

உன் அம்மா